ஓரத்தில் நிற்பவர்

ஒரு படத்தை முழுவதுமாகப் பெரிதாக்குவதிலோ சிறிதாக்குவதிலோ கலை என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. கையகல அட்டையில் இருந்ததைச் சுவரகலத் துணியில் பதிப்பது இயந்திரத்துக்கு உரிய காரியம். அதை இயந்திரம் நம்மைவிட ஒழுங்காகவே செய்துவிடுகிறது. ஆனால் படத்தில் உள்ள பற்பல பொருள்களுள் ஒன்றை மாத்திரம், மற்றவையெல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, சற்றுக் குறுக்க வேண்டும் அல்லது சற்று வளர்க்க வேண்டும் என்று வந்துவிட்டால் விஷயமே வேறாகிவிடுகிறது. அந்த ஒன்று தன் அண்டை அயலோடு கொண்டிருந்த சம்பந்தங்கள் அத்தனையும், அதாவது அதன் விளிம்பு எதன்மேல் படிந்திருந்தது, நிழல் எங்கே விழுந்தது, பாதம் எந்த இடத்தில் தரையைத் தொட்டது, பக்கத்தில் நிற்பவரின் தோளுக்கும் அதற்கும் எத்தனை இடைவெளி இருந்தது என்பவையெல்லாம், ஒரே கணத்தில் அறுந்துபோகின்றன. அறுந்தவற்றை அறுந்த சுவடு தெரியாமல் மறுபடி முடிந்துவைப்பவனைத்தான் இந்தத் தொழிலில் கலைஞன் என்று நான் மதிக்கிறேன்.

படத்தில் கை வைப்பது என்றாலே பித்தலாட்டம் என்று நினைப்பவர்கள் அநேகர். அவர்கள் அப்படி நினைப்பதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து ‘நேஷனல் ஜியாகரபிக்’ இதழின் அட்டைக்காக, கிடைவாக்கில் எடுத்திருந்த கீஸா பிரமிடுகளின் படத்தை நெடுவாக்கில் அடக்க வேண்டி, ஒரு பிரமிடைக் கணினியின் துணையால் மற்றொன்றின் பக்கமாக நகர்த்தி வைத்தார்கள். அதற்காக அந்தப் பத்திரிகை பட்ட பழி இன்றும் பத்திரிகைத் தொழில் பயில்வோருக்குப் பாடமாக இருக்கிறது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் ஆக்கிய போட்டோஷாப் 1990-இல் அடோபி நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்த பிறகு, அதுவரை பெரிய பத்திரிகைகளின் ஏகபோகமாக இருந்த அந்தச் சாமர்த்தியம் சிறிது சிறிதாகத் தெருமுனை ஸ்டூடியோ வரை வந்து சேர்ந்துவிட்டது. நம் ஊர்ச் சாலையோரத்து ஃப்ளெக்ஸ் பலகைகளில் தலைவரின் முகம் ஆளுயரத்துக்கு விரிந்திருக்க, தொண்டர்களின் முகங்கள் அவருடைய சட்டைப் பித்தான் அளவுக்கு வரிசையாகச் சுருங்கியிருப்பதையும், கைப்பேசிச் செயலியில் இடையைக் குறைத்துக்கொண்ட யுவதியின் பின்னால் கதவு நிலை வளைந்து நிற்பதையும் பார்க்கிறவர்களுக்கு, அளவை மாற்றுவது என்றாலே அருவருப்பு தோன்றுவதில் வியப்பில்லை. அவற்றோடு எனக்கு வழக்கும் இல்லை. முதலாவது பக்தி, இரண்டாவது அவசரம். நான் ரஸிப்பது வேறொன்றை: ஒரு பகுதியின் அளவை மாற்றுவதனாலேயே படம் நாம் கண்ட மெய்க்கு அருகில் வருகிற சந்தர்ப்பத்தை.

அந்தச் சந்தர்ப்பம் நம் கல்யாண மண்டபங்களில் முகூர்த்த நாள் தோறும் நேருகிறது. மணமேடைக்கு எதிரே இடம் குறைவு, மேடையில் கூட்டமோ அதிகம். மணமக்களுக்கு இருபுறமும் இரண்டு வீட்டு உறவினரும் ஒரே வரிசையாக நிற்க, போட்டோகிராபர் பின்வாங்க வழியின்றி, முன்வரிசை நாற்காலிகளுக்கும் வீடியோக்காரரின் விளக்குக்கும் நடுவே ஒடுங்கி, லென்ஸை அதன் அகன்ற கோடிக்கு, பெரும்பாலும் 24 மில்லிமீட்டருக்கு, திருப்பி எடுத்துவிடுகிறார். எல்லோரும் படத்தில் விழுந்துவிடுகிறார்கள். ஆனால் வரிசையின் இரு கோடிகளிலும் நிற்பவர்கள் தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு ஸ்தூல சரீரத்தை அடைந்துவிடுகிறார்கள்.

இதில் மர்மம் ஏதுமில்லை, பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். முழு அளவுக் காமிராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம். ஆகவே நடுவிலிருந்து ஓரத்துக்கு 18. லென்ஸின் குவியதூரம் 24. பதினெட்டும் இருபத்து நாலும் செங்கோணத்தில் சேர்ந்தால் கர்ணம் 30. ஓரத்தில் இருக்கும் உருண்டையான ஒரு பொருள் படத்தில் எவ்வளவு நீண்டு விழும் என்பது அந்தக் கர்ணத்தை 24-ஆல் வகுத்தால் கிடைத்துவிடுகிறது: 1.25. அதாவது, படத்தின் கடைசி விளிம்பில் நிற்பவருடைய தலையும் தொந்தியும் உள்ளதைவிடக் கால் பங்கு அகலமாகிவிடும். நடுவிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தவருக்கு அது சுமார் 12 சதவிகிதத்தோடு நிற்கும். மத்தியில் மாலையும் கழுத்துமாக நிற்கும் தம்பதிகளுக்கு ஒன்றுமே ஆகாது. கல்யாண வரிசையில் நெருங்கிய சொந்தம் நடுவிலும் தூரத்துச் சொந்தம் ஓரத்திலும் நிற்பது வழக்கமாதலால், உறவு எவ்வளவுக்கெவ்வளவு தூரமோ அவ்வளவுக்கவ்வளவு பருமன் என்ற ஒரு விசித்திரமான விதி நம் ஆல்பங்களில் தானாகவே அமைந்துவிட்டிருக்கிறது.

இந்தச் சிக்கல் காமிராவோடு பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ரோமாபுரியில் வாத்திகன் அரண்மனைச் சுவர் ஒன்றில், 1509-க்கும் 1511-க்கும் இடையில் ரஃபேல் தீட்டிய ‘ஏதன்ஸ் கலாசாலை’ என்ற சித்திரத்தின் வலது கோடியில், கையில் உருண்டை ஏந்திய இருவர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் பூகோளம், மற்றவர் கையில் நட்சத்திர கோளம். தாலமி என்றும் ஜொராஸ்டர் என்றும் அவர்களை அடையாளம் சொல்வதுண்டு. அந்தச் சித்திரத்தில் வளைவுகளும் தூண்களும் படிக்கட்டும் தரைக்கற்களும் ஒரே மையப் புள்ளியை நோக்கி ஓடும்படி, பர்ஸ்பெக்டிவ் என்னும் தூரதரிசன சாஸ்திரத்துக்கு அணுவும் பிசகாமல் வரையப்பட்டிருக்கின்றன. அதே சாஸ்திரத்தைக் கடைசி வரை அனுசரித்திருந்தால் ஓரத்து உருண்டைகள் இரண்டும் நீள்வட்டங்களாகப் பக்கவாட்டில் இழுபட்டிருக்க வேண்டும். ரஃபேல் அவற்றைச் சுத்தமான வட்டங்களாகவே போட்டுவிட்டார். உருண்டைகளை மட்டுமல்ல, ஓரத்து மனிதர்களையும், ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் நின்று பார்த்தாற்போலவே எழுதியிருக்கிறார். கட்டிடத்துக்கு ஒரு நியாயம், உடம்புக்கு வேறொரு நியாயம். இரண்டும் ஒரே சுவரில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கோடிக்கணக்கான பேர் நின்று பார்த்த சுவரில் அந்த முரண் எவர் கண்ணையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. உறுத்தாமல் செய்ததே அந்த மகானுடைய வேலைப்பாடு.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான், அண்மையில் கும்பகோணத்தில் ஆல்பம் டிசைனர் ஒருவருடைய பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது வயது நிரம்பாத இளைஞர். ரஃபேலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாரோ என்னவோ, நான் விசாரிக்கவில்லை. அவர் முன் திறந்திருந்த கல்யாணப் படத்தில் வலது ஓரத்தில் நின்றிருந்த பெரியவரே, படங்களைத் தேர்ந்தெடுப்பதற்காக அன்று ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார்.

“என்ன தம்பி, பத்தாயம் மாதிரியில்ல நிக்கிறேன்? நான் இப்படியா இருக்கேன்?”

“உங்க ஒடம்பு இல்லீங்கய்யா, லென்ஸு. ஓரத்துல நின்னீங்கல்ல, இழுத்துடுச்சு. சரி பண்ணிடலாம், உக்காருங்க.”

தொழிலுக்குப் புதியவனாக இருந்தால் என்ன செய்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். பென் டூலை எடுத்துப் பெரியவரின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டியெடுத்து, அளவு மாற்றும் கண்ட்ரோல்-டி போட்டு, பக்கவாட்டில் தள்ளிக் குறுக்கியிருப்பான். உடனே அடியில் இருந்த பழைய பெரியவர் இருபுறமும் எட்டிப் பார்ப்பார். ஒரு பகுதியை வளர்க்கிறபோது புதிய உருவம் பழைய உருவத்தைத் தானே மூடிக்கொள்கிறது. குறுக்குகிறபோதோ, அது விட்டுவிட்டு வந்த இடம் பாழாகக் கிடக்கிறது, அதை ஸ்டாம்பாலும் பேட்சாலும் தூர்த்தாக வேண்டியிருக்கிறது. ஊர் நினைப்பதற்கு மாறாக, இந்தத் தொழிலில் சிறிதாக்குவதே பெரிய வேலை.

நம் இளைஞர் பெரியவரைத் தொடவே இல்லை. அவருக்கும் அவருக்கு அடுத்தாற்போல் நின்ற அம்மாளுக்கும் நடுவே, பின்னாலிருந்த பட்டுத்திரை மட்டும் தெரிகிற ஒரு சந்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து படத்தின் வலது விளிம்பு வரைக்கும், பெரியவர், அவருக்குப் பக்கத்திலிருந்த குத்துவிளக்கு, திரை, கம்பளம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பட்டையாகத் தேர்ந்தெடுத்துத் தனி லேயராக்கினார். எனக்கு அந்த இடத்திலேயே மரியாதை உண்டாகிவிட்டது. பருத்திருந்தவர் பெரியவர் மட்டுமல்லவே. குத்துவிளக்கின் தண்டும் அதே அளவுக்குத் தடித்துத்தான் இருந்தது. பட்டையைக் குறுக்கினால் இரண்டு பேருக்கும் ஒரே மருந்தில் வியாதி தீர்ந்துவிடும். பின்னாலிருந்த திரை மாத்திரம், மேடைக்கு இணையாகத் தட்டையாகத் தொங்குவதாகையால், லென்ஸின் இழுப்புக்கு அகப்படாமல் சரியாகவே விழுந்திருந்தது; குறுக்கியபோது அதன் மடிப்புகள் சற்று நெருங்கிப்போயின. திரை மடிப்பை எண்ணுகிறவர் எந்த வீட்டிலும் இல்லை.

அடுத்ததாக, அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டார். 2005-இல் வந்த இந்த வசதியின் அருமையை, அதற்கு முன் இத்தொழிலில் இருந்தவர்களே அறிவார்கள். படம் என்பது பிக்ஸல் என்ற சிறு கட்டங்களின் அணிவகுப்பு. அதைக் குறுக்கினாலும் விரித்தாலும் பழைய கட்டங்கள் அப்படியே நகர்வதில்லை, புதிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் நிறத்தைக் கணக்கிட்டே இட வேண்டியிருக்கிறது. பைக்யூபிக் என்ற முறையில் ஒரு புதிய கட்டத்துக்கு அதைச் சூழ்ந்த பழைய கட்டங்கள் பதினாறிடம் அபிப்பிராயம் கேட்கப்படுகிறது. பதினாறு பேரின் அபிப்பிராயத்தைச் சேர்த்து எடுக்கும் முடிவு நிதானமாகத்தான் இருக்கும், கூர்மையாக இராது. ஒரு முறை குறுக்கி, திருப்தியில்லை என்று விரித்து, மறுபடி குறுக்கினால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூர்மை கழிந்து, கடைசியில் ஜரிகை பஞ்சாகிவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டிலோ, மூலம் உள்ளே பத்திரமாக இருக்க, நாம் எத்தனை தரம் மனம் மாறினாலும் கணக்கு மூலத்திலிருந்தே புதிதாகப் போடப்படுகிறது.

கண்ட்ரோல்-டி. பட்டையின் இடது விளிம்பை அச்சாக நிறுத்தி, மேலே அகலத்துக்கான கட்டத்தில் 80 என்று போட்டார். போட்டுவிட்டுச் சற்றுப் பின்னால் சாய்ந்து பார்த்தார். பெரியவருக்குத் திடீரென்று இருபது வயது குறைந்தாற்போல் ஆகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு 88. அது போதவில்லை. பிறகு, அதே பெரியவர் பந்தியில் உட்கார்ந்திருந்த வேறொரு படத்தை, தூர லென்ஸால் எடுத்திருந்ததை, பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் முகத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதாசாரத்தைக் கண்ணாலேயே அளந்து, 84-இல் கொண்டுவந்து நிறுத்தினார். நான் வீடு திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நடுவிலிருந்து 16 மில்லிமீட்டர் தள்ளி விழுந்த உருவத்துக்கு வேண்டியிருப்பது 83-க்குச் சற்று மேல்.

கும்பகோணத்துக்குச் சில கல் மேற்கே, சுவாமிமலையில், விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை விக்கிரகத்தின் உயரத்துக்கு வெட்டிக்கொண்டு, அதையே மடித்து மடித்து முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று பிரமாணம் குறித்துக்கொள்கிறார்கள். அங்குலக் கோலுக்கு அங்கே பிரதான ஸ்தானமில்லை. ஓர் அவயவத்தின் அளவை அதே உருவத்தின் மற்றோர் அவயவமே சொல்லிவிடுகிறது. பந்திப் படத்தை இளைஞர் திறந்து வைத்துக்கொண்டதும் அந்த வழிதான். தம் அபிருசியைக் கேட்காமல் பெரியவரின் முகத்தையே சாட்சிக்கு அழைத்தார்.

அகலத்தை மட்டும் மாற்றினாரே ஒழிய உயரத்தைத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரிசையாக நிற்பவர்களுக்கு ஓரத்தில் உயரம் கெடுவதில்லை, அகலமே கெடுகிறது; அதோடு, உயரத்தில் கை வைத்திருந்தால் பெரியவரின் பாதம் மேடையை விட்டு எழும்பியிருக்கும், மேடை விளிம்பின் கோடு பட்டை சேரும் இடத்தில் படியாக உடைந்திருக்கும். அதன் பிறகு வார்ப் என்ற வலையை விரித்தார். பட்டை முழுவதற்கும் ஒரே அளவு போதாது. வெளி விளிம்பில் இழுப்பு அதிகம், உள் விளிம்பில் குறைவு. மேலும், படத்தின் மேல் மூலைக்கு அருகில் இருக்கும் தலை மூலையை நோக்கிச் சாய்ந்து நீள்கிறது. மோவாய் உள்ளே தங்க, உச்சி வெளியே போகிறது. வலையின் மேற்கண்ணி ஒன்றை மயிரிழை மயிரிழையாக உட்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தவர், எதைப் பார்த்து நிறுத்தினார் தெரியுமா? பெரியவரின் மூக்குக் கண்ணாடியை. வெளிப்புறத்து வட்டம் உட்புறத்து வட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது; இரண்டும் ஒத்த கணத்தில் சுட்டியிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடி நேராகிவிட்டால் முகமும் நேராகிவிட்டது என்று பொருள். இப்படி ஒரு சாட்சியைப் படத்துக்குள்ளேயே கண்டுபிடித்துக்கொள்ளத் தெரிவதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் கற்றுக்கொடுக்காது.

மிச்சம் சில்லறை வேலை. சந்தில் மாஸ்க் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் திரையோடு திரையைக் கரைத்தார். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படமாதலால் எங்கும் பரவியிருந்த மணல் போன்ற பொடி, குறுக்கிய பட்டையில் மட்டும் நைந்திருந்ததைக் கவனித்து, அங்கே கொஞ்சம் நாய்ஸ் தூவினார். பெரியவர் எழுந்து வந்து பார்த்து, மெய்யான திருப்தியோடு, அடுத்த விண்ணப்பத்தையும் போட்டார்.

“அப்படியே நம்ம பையனுக்கும் வயித்தைக் கொஞ்சம் உள்ள தள்ளிடு தம்பி.”

“அண்ணன் மாப்பிள்ளைக்குப் பின்னாடி, நட்ட நடுவுல நிக்கிறாருங்கய்யா. அது லென்ஸ் இல்லீங்க.”

கணக்கின் மொழியில் சொன்னால், நடுவில் நிற்பவருக்குக் கர்ணமும் 24, குவியதூரமும் 24.

இனிப் பக்கத்துக்கு அடக்குகிற பிரச்னை. இப்போது வழங்கும் ஆல்பத்தின் இரட்டைப் பக்கம் பெரும்பாலும் 12 அங்குல உயரமும் 36 அங்குல அகலமும், அதாவது 3:1. காமிரா கொடுப்பதோ 3:2. மேலும் கீழும் பாதியை வெட்டினால் தலையோ காலோ போகும். அகலத்தில் இழுத்தால் அத்தனை பேரும் ஓரத்துப் பெரியவரின் பழைய கதிக்கு ஆளாவார்கள். ஆட்களை விட்டுவிட்டுத் திரையை மட்டும் விரிக்க வழியுண்டா என்ற கேள்விக்கு, 2007-இல் ஷை அவிதான், ஏரியல் ஷமீர் என்ற இரு ஆய்வாளர்கள் மிகவும் அழகான விடை ஒன்று கண்டார்கள். படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை, வரிசைக்கு ஒரு பிக்ஸல் வீதம், விட்டுப்போகாமல் நெளிந்து இறங்கும் பாதைகள் எண்ணற்றவை. அவற்றுள் கண்ணைக் கவரும் எதையும் தொடாமல், வெறும் ஆகாயம், வெறும் சுவர், வெறும் திரை என்று ஒதுங்கி ஒதுங்கிச் செல்லும் பாதை எது என்று கணக்கிட்டு, குறுக்க வேண்டுமானால் அதை உருவிவிடுவது, விரிக்க வேண்டுமானால் அதன் பக்கத்தில் அதைப் போல் இன்னொன்றைச் செருகுவது. மறு ஆண்டே இது போட்டோஷாப்பில் ஏறிவிட்டது; ஜிம்ப் என்ற மென்பொருளுக்கும் லிக்விட் ரீஸ்கேல் என்ற பெயரில் செருகுநிரலாக வந்தது. ஆட்கள்மேல் முன்கூட்டியே ஒரு காப்பு மாஸ்க் போட்டுவிட்டால், அவர்களைச் சுற்றித் திரை வளர்கிறது. ஆனால் இதற்கும் ஒரு பொறுமையின் எல்லை உண்டு. பட்டுத்திரை, புல்தரை, கடற்கரை ஆகியவற்றில் சொன்னபடி கேட்கும். பூச்சரத்தை வலையாகப் பின்னிய மேடையிலும், கட்டம் போட்ட தரையிலும், நேர்க்கோடுகளைக் கடந்துதான் பாதை இறங்க வேண்டியிருப்பதால், கோடுகள் நடுங்கத் தொடங்கிவிடும். நம் இளைஞர் அதைக் காலே அரைக்கால் பங்குக்குமேல் நம்புவதில்லை. மீதி அகலத்துக்கு வேறு படம் ஒன்றைச் சேர்த்துப் பக்கத்தை நிரப்பிவிடுகிறார். அதுதான் உசிதம் என்பது என் அபிப்பிராயமும்.

ஓரத்து முகங்களைத் தானாகவே திருத்தும் வித்தையும் வந்தாயிற்று. 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை ஒன்றில், முகங்கள் இருக்கும் இடத்தில் உருண்டையைக் கெடுக்காத வேறொரு கணக்கும், கட்டிடமும் பின்னணியும் இருக்கும் இடத்தில் நேர்க்கோட்டைக் கெடுக்காத பழைய கணக்கும் இரண்டறக் கலந்து, நடுவே ஒரு வலை இரண்டையும் சமாதானப்படுத்துகிறது. ரஃபேல் சுவரில் கையால் செய்துகொண்ட அதே உடன்படிக்கைதான். முகத்தில் அதன் சாதுரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன்; குத்துவிளக்கின் தண்டையும் வேட்டிக் கரையையும் மடித்து வைத்த கையையும் பார்க்கிற கண் இன்னும் ஸ்டூடியோவில்தான் இருக்கிறது.

நியாயம் பேசுவதானால், லென்ஸின்மேல் இவ்வளவு நேரம் சுமத்திய குற்றமும் முழுக்க நிற்காது. 24 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்து, அகலத்தில் ஒன்றும் வெட்டாத படத்தை 36 அங்குல அகலத்துக்குப் பரப்பி, அதன் நட்ட நடுவுக்கு நேரே 24 அங்குல தூரத்தில் ஒரு கண்ணை மட்டும் வைத்து, தலையை அசைக்காமல் பார்த்தால், ஓரத்தில் இழுபட்டிருந்த தலைகள் எல்லாம் சாய்வாகத் தெரிகிற காரணத்தாலேயே தாமாகக் குறுகி, நிஜமான வட்டத்துக்கு வந்துவிடுகின்றன, டிசைனரே தேவையில்லை. அந்த ஓர் இடத்தில் நிற்கும் அந்த ஒரு கண்ணுக்கு லென்ஸ் சொன்னது பரம சத்தியம். ஆனால் கல்யாண ஆல்பத்தை அப்படிப் பார்க்கிற குடும்பத்தை நான் கண்டதில்லை. கூடத்தில் ஜமக்காளத்தின்மேல் அதை விரித்து, நாலு புறமும் ஆறேழு பேர் குனிந்து, ஒருவர் தலைகீழாகவும் ஒருவர் தோளுக்குமேல் எட்டியும் பார்த்துக்கொண்டிருக்க, எட்டத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, “யாருடி அது ஓரத்துல, அவ்வளவு குண்டா?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.